கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்கு ஒரு புது வண்டிப் பயணம்



பயணக் கட்டுரை என்றதும் மக்கா மதீனாவையோ கெய்ரோவையோ, குறைந்தது கொழும்பையாவது எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்திருப்பீர்கள். நான் உங்களை அவ்வளவு தூரம் அழைத்துச் செல்லப்போவதில்லை. கல்முனை பஸாரில் புறப்பட்டு, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, மாவடிப்பள்ளி என்று ஊர் ஊராகக் கடந்து, சம்மாந்துறையில் என் வீட்டு வாசலில் இறங்கிவிடுவோம். எல்லாமாக ஏறக்குறைய 10 கிலோமீற்றர். இருபது வருடங்களாக நான் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்வந்த வழி. கண்ணை மூடிக்கொண்டும் போகலாம் என்று எண்ணியிருந்த வழி. அந்த எண்ணம் எத்தனை பெரிய தவறு என்பதை ஒரு புது மோட்டார் சைக்கிள் எனக்குக் கற்றுத் தந்தது. அந்தப் பாடத்துக்கான விலையை நான் கொடுக்கவில்லை, என் மனைவி கொடுத்தாள். ஆகவேதான் இதைச் சகோதரிகளாகிய உங்களுக்கு எழுதுகிறேன்.

வண்டி வாங்கிய கதை

நமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதும் மறந்திருக்காது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்ததும், ஊரில் பல வருடங்களுக்குப் பிறகு புது வண்டிகளைக் காணத் தொடங்கினோம். அரபுக் கல்லூரியில் ஓதிக்கொடுப்பவனுக்குப் புது வண்டி ஓர் ஆசைதான். ஆனால் அயலூருக்குப் போய்வர இரண்டு பஸ் மாறி, மஃரிபுக்கும் வீடு வந்து சேர முடியாத நிலைமை. வட்டிக்கு லீசிங் எடுப்பதில்லை என்று நானும் மனைவியும் உறுதியாக இருந்தோம். சிறுபோக வெள்ளாமையில் மிஞ்சிய காசையும், மனைவி இரண்டு வருடமாகக் கட்டிவந்த சீட்டுக் காசையும் சேர்த்து, 2025 ஓகஸ்டில் கல்முனையில் ஒரு வண்டி எடுத்தோம். பாதிக்கு மேல் அவளுடைய காசு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சாரதி அனுமதிப்பத்திரம் என்னிடம் இருபது வயதிலிருந்தே இருக்கிறது. அக்காலத்தில் கூட்டாளி ஒருவரின் பழைய ஹொண்டா 50இல் ஓடிப் பழகி எடுத்தது. அதற்குக் கைக் கிளச் கிடையாது. முன்பக்கம் மிதித்தால் கியர் ஏறும், அவ்வளவுதான். அதன் பிறகு இவ்வளவு காலத்தில் பத்துத் தடவைக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கமாட்டேன். ஆனால் கையில் லைசன் இருந்தபடியால் எனக்கு ஓட்டத் தெரியும் என்று நானும் நம்பினேன், மற்றவர்களும் நம்பினார்கள்.

வண்டி எடுக்க என் ராத்தாவின் மகனும் கூட வந்திருந்தான். வண்டியின் பின்சக்கரத்துக்கு இடப்பக்கம் ஒரு கம்பிக் கூடு பூட்டியிருந்தது. பின்னால் இருக்கும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் போடுவது.

"இதக் கழட்டிருவோம் மாமா. இது இருந்தா கிழவன்மாருட பைக் மாதிரி இரிக்கும்" என்றான் மருமகன்.

எனக்கு வயது நாற்பத்தைந்து. கிழவன் என்ற சொல் எங்கேயோ போய்க் குத்தியது. சரி என்று தலையாட்டினேன். முற்றத்தில் வைத்தே ஸ்பானரால் கழற்றி, ஒரு பையில் போட்டு என் கையில் தந்தான். அந்தப் பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது பயணம்: தனியாக

அஸர் தொழுதுவிட்டு, வாகனத்தில் ஏறும் துஆவை ஓதி, புதுத் தலைக்கவசத்தைத் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு ஏறினேன். மருமகன் வேறு வேலையாகப் போய்விட்டான். ஷோரூம் வாசலிலேயே இரண்டு தடவை இஞ்சின் நின்றுபோனது. கிளச்சை எவ்வளவு விட வேண்டும் என்று வண்டிக்கு வண்டி கணக்கு வேறு. அதைக் கைதான் அறிய வேண்டும், என் கை இன்னும் அறியவில்லை.

கல்முனை பஸாரின் சந்தடியை ஒருவாறு கடந்து, கல்முனைக்குடியில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையை நெருங்கும்போது வீதி கொஞ்சம் விரிந்தது. மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்குப் போக, பழைய பழக்கத்தில் முன்பக்கம் மிதித்தேன். இந்த வண்டியிலோ முதல் கியர் மாத்திரம் கீழே, மற்றவையெல்லாம் மேலே. நான் ஏற்றுவதாக நினைத்து இறக்கிவிட்டேன். திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல வண்டி அதிர்ந்தது, பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுபட்டுச் சத்தம் போட்டது. பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரத் தம்பி மயிரிழையில் விலகிப் போனார். போகிற போக்கில் தலையை வெளியே நீட்டி, "ஹஸரத், ஓதிட்டுத்தானே ஏறினீங்க?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்டாரோ அக்கறையாகக் கேட்டாரோ, வைத்தியசாலையின் வாசல் எனக்கு நேரே தெரிந்துகொண்டிருந்தது.

பழகாதவனை விட, வேறொரு வண்டியில் பழகியவனுக்கே புது வண்டியில் ஆபத்து அதிகம். ஒன்றும் தெரியாதவன் யோசித்து யோசித்து ஓட்டுவான். தெரிந்தவனின் காலும் கையும் அவனைக் கேளாமலே பழைய வேலையைச் செய்துவிடும். ஆளில்லாத ஒரு மைதானத்தில் அரை மணித்தியாலம் கியரையும் பிரேக்கையும் பழகிக்கொண்டு வீதிக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு அது வெட்கமாக இருந்தது.

சாய்ந்தமருது வந்தது. இடப்பக்கம் சற்றுத் தொலைவில் கடல். 2004ஆம் ஆண்டு சுனாமி இந்தக் கரையோர ஊர்களில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கடற்காற்றில் வந்த மணல் வீதியோரமாகத் திட்டுத் திட்டாகக் கிடக்கும். சைக்கிளில் அதைக் கவனித்ததேயில்லை. ஒரு பஸ்ஸுக்கு இடம்விட்டு ஓரமாக ஒதுங்கியபோது அந்த மணலில் முன்சக்கரம் நழுவியது. காலை ஊன்றியபடியால் விழவில்லை.

பிறகு ஊர்க் கராஜ்காரர் விளக்கினார். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். அச்சிலிருந்து டயரை எடுக்கப் பூசும் பொருளின் எச்சமும் அதில் இருக்கும். முதல் 150, 200 கிலோமீற்றர் ஓடி அது தேயும்வரை சரித்துத் திருப்பவோ சடுதியாக பிரேக் பிடிக்கவோ கூடாது. பிரேக்கும் அப்படித்தான். புதுப் பிரேக் நன்றாகப் படிந்து பிடிக்கச் சிலநாள் செல்லும். அதுவரை வழக்கத்தைவிட முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். சைக்கிள் ஓடியவர்கள் முன்பிரேக்கைக் கண்டு பயப்படுவார்கள். தார் வீதியில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான், இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்த வேண்டும். மணலிலும் வளைவிலும் மட்டும் அதே முன்பிரேக் ஆளைக் கவிழ்த்துவிடும். அங்கே போவதற்கு முன்பே, வண்டி நேராக நிற்கையில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மாளிகைக்காட்டைத் தாண்டினால் காரைதீவு. சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர். அங்குள்ள சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் சம்மாந்துறை வழியாக அம்பாறை போகும் வீதி. வலப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வரும் வாகனங்களை ஊடறுக்க வேண்டும். நான் ஒரு கையால் சைகை காட்ட முயன்றதில் கிளச் கைவிட்டுப் போய், சந்தியின் நடுவிலேயே வண்டி நின்றது. சந்தியில் கச்சான் விற்கும் ஒரு தமிழ் அம்மா, "தள்ளிக்கொண்டு வாங்க தம்பி, அவசரமில்லை" என்றார். தள்ளிக்கொண்டே கரை சேர்ந்தேன்.

காரைதீவைத் தாண்டியதும் இருமருங்கும் வயல். கல்லோயாத் திட்டத்தின் நீரால் விளையும் பூமி. சிறுபோக அறுவடைக் காலமாதலால் வீதியின் பாதியில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். கொக்குகள் வெட்டிய வயலில் நின்றன. நெல்மணி சிதறிய தார் வீதி, கண்ணாடிக் குண்டுகளைக் கொட்டிவைத்தது போலிருந்தது. இருபது கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்தேன்.

வீட்டு வாசலில் பிள்ளைகள் கூடி நின்றார்கள். மனைவி 'மாஷா அல்லாஹ்' என்று சொல்லி வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்சக்கரத்தருகே நின்று, "இதுல சாரி சிக்காமப் போடுற கம்பி இரிக்கிமே, அது எங்க?" என்று கேட்டாள்.

"அபாயாக்கு அது தேவல்ல புள்ள" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

இரண்டாவது பயணம்: குடும்பத்தோடு

நான்கு நாள் கல்லூரிக்கு ஓடினேன். விழவில்லை. நான்கு நாள் விழாதவனுக்கு வரும் துணிவு பொல்லாதது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு சாய்ந்தமருதிலுள்ள மாமி வீட்டுக்குப் போகப் புறப்பட்டோம். மனைவி ஒரு பக்கமாக அமர்ந்தாள். ஆறு வயது மகளை நடுவில் வைத்தோம். மோட்டார் சைக்கிளில் இருவர் மட்டுமே செல்லலாம் என்பது சட்டம். குழந்தைதானே என்று என் மனதுக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். மனைவியின் தலையில் மருமகனின் தளர்ந்த தலைக்கவசம், வார் பூட்டாமல். மகளின் தலையில் ஒன்றுமில்லை.

வண்டி நான் அறிந்த வண்டியாகவே இல்லை. பின்னால் பாரம் ஏறியதும் முன்பக்கம் இலேசாகி, ஹெண்டில் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பிரேக் பிடித்தால் நிற்கும் இடம் இன்னும் தூரமாகப் போனது. ஆனாலும் வயல் வெளியில் காற்று வாங்கியபடி ஓடும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன், மனைவி 'ம்' மட்டும் கொட்டினாள்.

காரைதீவுச் சந்திக்காக வேகத்தைக் குறைத்தேன். அந்நேரம் அதே கச்சான் அம்மா எழுந்து நின்று, இரு கைகளையும் வீசி, "தம்பி நில்லுங்க! பிள்ளைட உடுப்பு! உடுப்பு!" என்று கத்தினார். நான் பிரேக்கை அழுத்தியதும் என் ஜுப்பாவைப் பின்னாலிருந்து யாரோ கிழிப்பது போல ஓர் இழுவை. மனைவி வீதியில் முழங்கால் குத்தி விழுந்தாள். அபாயாவின் ஓரம் செயினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் போய், அச்சைச் சுற்றி முறுக்கியிருந்தது.

சகோதரிகளே, அந்தக் காட்சியை நான் விரித்து எழுதப்போவதில்லை. தலைக்கவசம் தனியே உருண்டுபோய்க் கிடந்தது. துணியை வெட்டாமல் அவளை எடுக்க முடியவில்லை. கச்சான் அம்மா தன்னிடமிருந்த கத்தியால் வெட்டினார். ஆண்கள் கூடத் தொடங்கியதும், தோளில் கிடந்த துவாயை எடுத்து என் மனைவியின் கால்களை மூடி, "எல்லாரும் அங்கால போங்க" என்று அதட்டினார். அவர் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் மானத்தை இன்னொரு பெண் காத்த அந்தக் காட்சியை உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

அதற்குள் மகள் வீரிட்டாள். பதற்றத்தில் வலப்பக்கமாக இறங்கி, கொதித்துக்கொண்டிருந்த சைலன்சரில் கெண்டைக்காலை வைத்துவிட்டாள். ஒருவர் பற்பசை கொண்டு ஓடி வந்தார். பக்கத்து மருந்துக் கடையில் நின்ற பிள்ளை அதைத் தடுத்து, குழாயடிக்கு அழைத்துப் போய், 20 நிமிடம் காலில் தண்ணீர் ஓடவிட்டாள். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் போடக் கூடாது, ஓடும் தண்ணீர் போதும், பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள் என்றாள். மகளின் காலில் இன்று ஒரு நாணயமளவு தழும்புதான் இருக்கிறது.

மனைவிக்கு முழங்காலில் காயம், இடுப்பில் உளுக்கு. சந்திக்காக வேகம் குறைந்திருந்தபடியால் அவ்வளவோடு போனது. அதே துணி வயல் வெளியில் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் முறுகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணவே மனம் நடுங்குகிறது. அந்த வேகத்தில் வண்டி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் போகிறது. கத்தி நிறுத்த யாருக்கும் அவகாசமிருந்திருக்காது.

மாமி வீட்டில் காயத்துக்கு மருந்து கட்டும்போது மனைவி மெதுவாகச் சொன்னாள்: "மாவடிப்பள்ளியிலயே காலடியில ஏதோ இழுக்கிற மாதிரி இரிந்திச்சி. சொல்லத்தான் நெனச்ச. நீங்க ஆசையா ஓடுறீங்க, ஏன் கெடுப்பான் எண்டு இரிந்திட்டன்."

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. கம்பி எங்கே என்று கேட்டபோது நான் அவள் வாயை அடைத்தேன். அதனால்தான் மாவடிப்பள்ளியில் அவள் வாயைத் திறக்கவில்லை. விபத்து காரைதீவில் நடக்கவில்லை, என் வீட்டு வாசலில் நடந்துவிட்டது.

மூன்றாவது பயணம்: இரவில்

அன்றிரவு மனைவியையும் மகளையும் மாமி வீட்டில் விட்டுவிட்டு, இஷாவுக்குப் பிறகு தனியே திரும்பினேன். அந்த வண்டியில் எனக்கு அது முதல் இரவு. பகலில் கண்ட வீதி எங்கோ போய்விட்டது. எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அடுத்த சில செக்கன் குருடன்தான். மாவடிப்பள்ளிப் பக்கமாக, பகல் வெயிலில் சூடேறிய தாரில் மாடுகள் படுத்துக் கிடந்தன. கறுப்பு வீதியில் கறுப்பு மாடு பத்தடிக்குள் வந்த பிறகுதான் தெரிகிறது. நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று பின்விளக்கே இல்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அறுவடை முடிந்த வயல்களுக்கு யானைகள் இறங்கி வருவதும் இந்தப் பக்கத்தில் உண்டு.

நம் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகம்தான் இரவில் நமக்கு உரிய வேகம். பின்னால் ஆள் இருந்தால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, விளக்கு மேல்நோக்கிப் போய்விடும். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், நமக்கு வீதி தெரியாது. விளக்கைச் சற்றுத் தாழ்த்திப் பூட்டுவது கராஜில் ஐந்து நிமிட வேலை. அன்று நான் வீடு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டச் சென்றது. வந்ததும் அந்தப் பையைத் தேடி எடுத்தேன். காலையில் கராஜ் திறந்தவுடன் கம்பிக் கூட்டைப் பூட்டுவித்தேன். மருமகன் வந்து பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

நான்காவது பயணம்: மழையில்

நவம்பரில் மாரி பிடித்துக்கொண்டது. கோடையில் ஓடிப் பழகிய வீதி மழையில் மீண்டும் புது வீதியாகிவிடும். மழை தொடங்கும் முதல் சில நிமிடங்கள்தான் மிக வழுக்கலானவை. பல நாள் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் நீரோடு கலந்து மேலே வரும். ஒதுங்கக்கூடிய இடமிருந்தால் ஒரு கால் மணித்தியாலம் ஒதுங்கி நிற்பது நல்லது. பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சு, பாலத்தின் இரும்பு இணைப்பு, வயலிலிருந்து ஏறிய உழவு இயந்திரம் கொட்டிவிட்டுப் போன சேறு, இவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்கக் கூடாது, திருப்பவும் கூடாது.

ஒரு நாள் மஃரிபுக்குச் சற்று முன்பு காரைதீவுச் சந்தியில் திரும்பினேன். மாவடிப்பள்ளிப் பக்கம் வீதியைக் குறுக்கறுத்து வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. லொறியொன்று போனது. அதன் பின்னாலேயே இரண்டு மோட்டார் சைக்கிள்காரர் போனார்கள். என்னாலும் முடியும் என்று மனம் சொன்னது. வண்டி இப்போது பழகிவிட்டதே!

அதே காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில்தான் 2024 நவம்பர் வெள்ளத்தின்போது, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அவர்கள் என் மாணவர்கள் அல்லர். ஆனால் கிதாபோடு எதிரே அமரும் பிள்ளைகளின் முகங்களைத் தினமும் பார்க்கிறவனுக்கு எவரும் வேறு பிள்ளைகள் அல்லர். உழவு இயந்திரத்தையே புரட்டிய நீர், என் வண்டியை என்ன செய்யாது?

தொலைபேசியில் மனைவியை அழைத்தேன். முன்பென்றால் "பார்த்து வாங்க" என்று மட்டும் சொல்லியிருப்பாள். இம்முறை, "தண்ணி ஓடுதா? அப்ப திரும்புங்க. மாளிகைக்காட்டுல உங்கட கூட்டாளிட வீட்ட நில்லுங்க. நாளைக்கு வரலாம்" என்றாள். கட்டளை போலவே இருந்தது. திரும்பினேன். கூட்டாளி வீட்டில் சூடான கஞ்சி கிடைத்தது. அடுத்த நாள் நீர் வடிந்த பிறகு, வீதியோரம் ஒரு பகுதி அரித்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

உங்கள் கையில் இருப்பவை

புது வண்டிக்கு முதல் நாள் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். நான் கண்டது நான்கு. தனியாக ஓடும் முதல் நாள், பின்னால் ஆளேற்றும் முதல் நாள், முதல் இரவு, முதல் மழை. ஒன்றில் தப்பியவன் மற்றதில் தேறிவிட்டதாக எண்ணக் கூடாது. உங்கள் கணவரோ மகனோ சகோதரனோ புது வண்டி எடுத்தால், இந்த நான்கையும் தனித்தனியே நினைவூட்டுங்கள். முதல் 1000 கிலோமீற்றருக்கு இஞ்சினை முறுக்கி ஓட வேண்டாம் என்று வண்டியோடு வரும் கைந்நூல்களில் பொதுவாக எழுதியிருக்கும். முதல் சேர்விஸில் ஒயில் மாற்றுவது, புது இஞ்சினில் உராய்ந்து வரும் இரும்புத் துகள்களை வெளியேற்றத்தான். அந்நாட்களில் செயினும் தளரும், அதையும் பார்த்து இறுக்குவிக்க வேண்டும். வண்டி பழகும்வரை மெல்லப் போவது ஆளும் பழகுவதற்கு நல்லதுதான்.

நீங்கள் பின்னால் ஏறுமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள். சக்கரத்தருகே கம்பிக் கூடு இருக்கிறதா? இல்லாவிட்டால் ஏறாதீர்கள். அபாயாவின் ஓரத்தையும் முந்தானையையும் அள்ளி, மடித்து, உங்கள் கைக்குள் அல்லது தொடைக்கடியில் அடக்கினீர்களா? தலைக்கவசம் உங்கள் தலைக்கு அளவானதா, எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் இருக்கிறதா, வார் பூட்டியிருக்கிறதா? பூட்டாத தலைக்கவசம் காரைதீவுச் சந்தியில் உருண்டோடியதை நான் கண்ணால் கண்டேன். குழந்தைகளை இடப்பக்கமாகவே ஏற்றி இறக்குங்கள். மூன்றாமவர் இருந்தால் ஒருவர் பஸ்ஸில் போகட்டும்.

இன்று நம் ஊர்களில் ஆசிரியைகளும் அலுவலகம் செல்லும் சகோதரிகளும் தாமே ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் இதே வார்த்தைதான். ஸ்கார்பின் நுனியை உள்ளே செருகுங்கள். புது ஸ்கூட்டியில் முதல் சில நாள் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். ஆளில்லாத இடத்தில், பிரேக் எங்கே எவ்வளவு பிடிக்கிறது என்று பழகிவிட்டு வீதிக்கு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் இருப்பவருக்கு வாய் உண்டு. இழுக்கிறது என்றால் இழுக்கிறது என்று சொல்லுங்கள். வேகம் என்றால் வேகம் என்று சொல்லுங்கள். அவருடைய ஆசை கெடும் என்று பேசாமலிருப்பது அன்பாகத் தோன்றும், ஆனால் அந்த மௌனம் அவரையும் சேர்த்தே வீழ்த்திவிடும். கணவன்மார்களும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: மனைவி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், வாயை அடைக்காதீர்கள்.

தவக்குல் வைத்துத்தானே ஏறினோம் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று வந்து கேட்டவருக்கு, முதலில் கட்டும்படி நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வழிகாட்டிய சம்பவத்தை நான் வருடா வருடம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறேன். ஓதிக்கொடுத்த நானே, கட்டுவதற்கென்று வண்டியோடு தந்த கம்பியைக் கழற்றிப் பையில் போட்டேன்.

மனைவியின் முழங்கால் ஆறிவிட்டது. துவாயைத் துவைத்து மடித்து, கொஞ்சம் புதுநெல் அரிசியோடு காரைதீவுச் சந்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மா அரிசியை வாங்கிக்கொண்டு, குனிந்து முதலில் பார்த்தது எங்கள் வண்டியின் பின்சக்கரத்தைத்தான். கம்பியைக் கண்டதும் தலையாட்டிவிட்டு, மகளின் கையில் ஒரு சுருள் கச்சானை வைத்தார். மகள் அன்று பஸ்ஸில் வந்திருந்தாள், அவளுடைய உம்மம்மாவோடு.